சாளக்கிராமமும் பாதாளத் தவளையும்: நிலம் நகர்ந்தபோது உயிர்களுக்கு என்ன ஆனது?

கேள்வி இதுதான்: "பரிணாமம் என்றால் உயிரினங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு மெல்ல மாறுவது என்று படித்தோம். கண்டங்கள் நகர்வது, எரிமலை, மலை எழுவது எல்லாம் புவியியல் பாடத்தில் வந்தன. இந்த இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? ஏதாவது ஓர் உதாரணத்தை வைத்து விளக்க முடியுமா?"

தொடர்பு உண்டு. இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்ததால்தான் பலருக்குப் பரிணாமம் பாதி மட்டும் புரிந்து நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். உதாரணத்துக்கு நாம் நிற்கிற இந்த நிலத்தையே எடுத்துக்கொள்கிறேன். உலகத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் அதிகம் கிடையாது.

சில வீடுகளில் பூஜை அறையில் சாளக்கிராமம் இருக்கும். கறுப்பாக, வழுவழுப்பாக, கையில் அடங்கும் கல். சில கற்களில் ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே சுருள் சுருளாக வரிகள் தெரியும். அதைத்தான் பெருமாளின் சக்கரம் என்று பெரியவர்கள் காட்டுவார்கள். அந்தச் சுருள் அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் ஓடு விட்டுப்போன தடம். கணவாய் மீனுக்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவு. ஓட்டுக்குள் இருந்தபடி கடலில் நீந்தித் திரிந்தது. நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றங்கரையில், முக்திநாத் பக்கம், இந்தக் கற்கள் கிடைக்கின்றன. வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. முக்திநாத் கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடலில் நீந்திய உயிர் அந்த உயரத்துக்கு எப்படி ஏறியது?

அது ஏறவில்லை. அது செத்து விழுந்த கடலடிதான் மேலே ஏறியது. எவரெஸ்ட் உச்சியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையிலும் கடல் உயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன. அவை சாளக்கிராமத்தைவிடப் பல மடங்கு பழையவை.

இன்னொரு இடம் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஓர் ஊர். அதை ஒட்டி, மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் களிமண் நிலம். புல்லே இல்லாத மண். நடுவில் வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் கோடுகள். நான் முதல் தடவை போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. குனிந்து நடந்தால் தரையிலேயே கிடந்தது: விரல் நீளத்தில், ஒரு முனை கூர்மையாக, துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு கல். கையில் எடுத்தால் கனம். உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி வரிகள் கிளம்பிப் போயின. பெலம்னைட் என்று பெயர். கணவாய் மாதிரியான ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முன்பு காரையில் கடல் இருந்தது. அரியலூரில் இன்று சிமெண்டுக்கு வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்லில் பெரும்பகுதி அந்தக் கடல் விட்டுப்போனதுதான்.

சரி, வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். இரண்டும் ஒன்றல்ல. தெற்கே இருந்தது, இந்தியாவும் அண்டார்க்டிகாவும் விலகியபோது உண்டான பள்ளத்தில் புகுந்த கடல். வடக்கே இருந்தது டெத்திஸ் என்ற பெருங்கடல். இந்தியா நகர்ந்து போய் அதை ஆசியாவோடு சேர்த்து நசுக்கி மூடிவிட்டது. ஒன்று திறந்த கடல், இன்னொன்று மூடிய கடல். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், தன் மேல் இருந்த உயிர்களைச் சுமந்துகொண்டு வடக்கே போனது. நான் சொல்ல வருவதெல்லாம் இந்தப் பயணத்தைப் பற்றித்தான்.

பழைய பெருங்கண்டத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரே அது. அங்குள்ள பாறைகளுக்கு முதலில் வைத்தார்கள், பிறகு கண்டத்துக்கே ஆகிவிட்டது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் அதில் ஒட்டியிருந்தன. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுக்கு முன்பு அது பிளக்க ஆரம்பித்தது. 13 கோடி ஆண்டு வாக்கில் நம் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவை விட்டு விலகத் தொடங்கியது. 8.8 கோடி வாக்கில் மடகாஸ்கர் கழன்றது. அந்தப் பிளவின்போது வழிந்த எரிமலைப் பாறையைக் கர்நாடகத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே செயின்ட் மேரிஸ் தீவில் இப்போதும் பார்க்கலாம். செதுக்கி நிறுத்திய தூண்கள் மாதிரி நிற்கும். அதற்கப்புறம் 6.3 கோடி வாக்கில் செஷல்ஸ் தீவுகள் இருக்கும் துண்டும் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. மிச்சமிருந்த நிலம் வேகம் பிடித்தது.

எவ்வளவு வேகம்? உச்சத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கு மேல், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அறுபது வயது வாழ்கிற ஒருவரின் ஆயுளில் 9 மீட்டர். பார்க்கச் சின்ன அளவுதான், ஆனால் கண்டங்களைச் சுமந்து நகரும் நிலத்தட்டுகளின் கணக்கில் இது ஓட்டம். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்பு இந்தியா ஆசியாவில் மோதியது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது உயிர்களுக்கு வருவோம். 2003-ல் எஸ்.டி. பிஜு, ஃபிராங்கி போசைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த ஒரு தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். மலையாளத்தில் பாதாளத் தவளை என்கிறார்கள். அதுவே நமக்கும் பொருத்தமான பெயர். ஏழு செ.மீ. நீளத்தில், காற்றடைத்த பை மாதிரி உப்பிய ஊதா நிற உடம்பு. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி முன்னால் கூம்பிய வெள்ளை மூக்கு, மிகச் சின்னக் கண்கள், குட்டைக் கால்கள். பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு புடைப்பு. அதை வைத்துப் பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிவிடும். ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கறையானைத் தின்று வாழ்கிறது. முதல் மழையில் சில நாள் மட்டும் மேலே வந்து, ஓடையில் முட்டையிட்டு, திரும்பப் போய்விடும். மேலே இருக்கும் நாட்கள் இவ்வளவு குறைவு என்பதால்தான் இத்தனை காலம் அறிவியலின் கண்ணில் படாமல் இருந்தது. ஆனால் அதன் தலைப்பிரட்டையை அதற்கு 80 ஆண்டுக்கும் முன்பே ஆய்வாளர்கள் விவரித்திருந்தார்கள். எந்தத் தவளையின் குஞ்சு என்றுதான் தெரியாமல் இருந்தது.

அதன் மரபணுவை ஒப்பிட்டபோது கிடைத்த விடைதான் ஆச்சரியம். நெருங்கிய உறவு கேரளத்திலோ ஆசியாவிலோ இல்லை. ஏறத்தாழ 3,000 கி.மீ. தள்ளி, இந்தியப் பெருங்கடலின் நடுவே, செஷல்ஸ் தீவில் இருக்கிறது. அங்குள்ள தவளைக் குடும்பத்தில் ஒரு வகை வளர்ந்த பிறகும் ஒரு செ.மீ.தான் இருக்கும். தோற்றத்தில் எந்த ஒற்றுமையும் கிடையாது.

தவளைக்குத் தோல் மெல்லியது, உப்புத் தண்ணீர் பட்டால் தாங்காது. அது 3,000 கி.மீ. கடலை நீந்திக் கடந்திருக்கும் என்பது நம்பத் தகுந்த கதையல்ல. தவளை கடலைக் கடக்கவில்லை, கடல் இரண்டு தவளைகளுக்கு நடுவே விரிந்துவிட்டது என்றால் எல்லாம் பொருந்துகிறது. இரண்டு கிளைகளும் பிரிந்து 13 கோடி ஆண்டு ஆகியிருக்கலாம் என்று 2003 கட்டுரை கணித்தது. கவனியுங்கள், அது செஷல்ஸ் கழன்ற காலத்துக்கு வெகு முந்தையது. இதில் முரண்பாடு இல்லை. நிலம் பிளந்த நாளும் இனம் பிரிந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே நிலத்தில் அண்ணன் தம்பி குடும்பங்களாக ஏற்கனவே பிரிந்திருந்தவை, நிலம் உடைந்தபோது ஒன்று இங்கும் ஒன்று அங்கும் தங்கிவிட்டிருக்கலாம். இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு, "கண்டம் பிரிந்ததால்தான் இனம் பிரிந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பாதிதான் சரி.

ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று கலக்க முடியாமல் போனால், இரண்டிலும் தலைமுறைக்குத் தலைமுறை நடக்கும் சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்துகொண்டே போகும். இங்கே மண்ணைத் தோண்டத் தெரிந்தது பிழைக்கிறது, அங்கே உதிர்ந்த இலைக்கடியில் ஒளியத் தெரிந்தது பிழைக்கிறது. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவென்றே தெரியாது. எது பிழைக்கும் என்று தேர்ந்தெடுப்பது இயற்கைத் தேர்வு. யார் யாரோடு கலக்க முடியும், எந்த வெயிலில் எந்த மழையில் வாழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நிலம். பாடப் புத்தகத்தில் விட்டுப்போகும் மறுபாதி இதுதான்.

பயணத்தின் நடுவே ஒரு பெரும் கேடு நடந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு, பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் ஓர் இடத்தின் மேலே இந்தியா வந்தபோது தக்காணம் வெடித்தது. அந்த இடம் இன்று இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. எரிமலை என்றதும் கூம்பு வடிவ மலை நினைவுக்கு வரும், இது அப்படியில்லை. தரையில் நீள நீளமாகப் பிளவுகள் விட்டு, பாறைக்குழம்பு வெள்ளம் மாதிரி பரவியது. ஒரு பரவல், ஓர் இடைவெளி, மறுபடி ஒரு பரவல் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்தது. மகாபலேஸ்வர் பக்கம் மலைகள் படிக்கட்டு மாதிரி தெரிவது அதனால்தான். அரித்துப்போனது போக இன்று மிச்சமிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. மும்பையில் வொர்லிக் குன்றில் அந்த அடுக்குகளுக்கு இடையே இருந்த ஏரிப் படிவில் குட்டித் தவளைகளின் எலும்புகள் கல்லாகிக் கிடைத்தன. ஒரு குழம்புப் பரவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏரி உண்டாகி, அதில் தவளை கத்தும் அளவுக்கு அமைதி திரும்பியிருக்கிறது. அதன் மேல் மறுபடியும் குழம்பு.

அதே காலத்தில் மெக்சிகோவில் விண்கல்லும் விழுந்தது. டைனோசர்களின் அழிவுக்கு முதல் காரணம் விண்கல் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. தக்காண எரிமலை எவ்வளவு கூடச் சேர்ந்தது என்பதில் விவாதம் முடியவில்லை. பறவைகளாகத் தப்பிய கிளை தவிர டைனோசர்கள் போயின, நம் அம்மோனைட்டும் போயிற்று. இந்தியா சுமந்து வந்த பழைய உயிர்களில் பெரும்பகுதி இந்தப் பயணத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது. தப்பியவற்றில் சில, ஈரம் வற்றாமல் இருந்த தென் மலைகளிலும் இலங்கையின் ஈரப் பகுதிகளிலும் ஒண்டிக்கொண்டன. பாதாளத் தவளை அவற்றில் ஒன்று.

இந்தியா முழுக்கத் தனித்தீவாகவே மிதந்ததா என்றால், அதுவும் முழு உண்மையில்லை. குஜராத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பர் கிடைக்கிறது. அம்பர் என்றால் கல்லாகிப்போன மரப்பிசின். அந்தப் பிசின் எந்த மரத்தினுடையது தெரியுமா? நாம் தூபத்துக்குப் போடும் குங்கிலியத்தைத் தருகிற மரங்களின் குடும்பம். அதில் மாட்டிச் செத்த பூச்சிகளை ஆராய்ந்தபோது, பலவற்றுக்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சொந்தங்கள் இருந்தன. தனித்தீவில் நெடுங்காலம் அடைபட்டிருந்தால் அப்படி இருக்காது. ஆகவே முழு மோதலுக்கு முன்பே தீவுத்தொடர்கள் வழியாகவோ வேறு வழியிலோ போக்குவரத்து நடந்திருக்க வேண்டும். அந்த மரக் குடும்பமே ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் பரவியது என்று மகரந்தச் சான்றுகள் சொல்கின்றன. போர்னியோ காடுகளில் வானத்தை முட்டி நிற்கும் பெருமரங்களின் முன்னோர்கள் நம் நிலத்தின் மேல் பயணம் செய்தவை. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூடிக்கொண்டிருந்த டெத்திஸ் கடலுக்கு வருகிறேன். இந்தியா நெருங்க நெருங்க, இடையில் இருந்த கடல் குறுகி, ஆழம் குறைந்து, கரையோரமெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரும் சேறும் ஆனது. அந்தக் கரைதான் திமிங்கிலத்தின் தொட்டில். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைய பாகிசீட்டஸ், பெயரே சொல்வது மாதிரி, பாகிஸ்தானில் கிடைத்தது: நான்கு கால், ஓநாய் அளவு, ஆனால் காது எலும்பு திமிங்கிலத்தினுடையது.

அதைவிட எனக்குப் பிடித்தது இந்தோஹியஸ் என்ற பழைய குளம்பு விலங்கின் கதை. ரங்கராவ் என்ற இந்தியப் புவியியலாளர் ஜம்மு பகுதியில் காலாகோட் என்ற இடத்தில் எலும்புகள் பொதிந்த பாறைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் காலத்தில் பல பாறைகள் உடைத்துப் பார்க்கப்படவே இல்லை. அவர் மறைந்த பிறகு அவருடைய மனைவி அவற்றைத் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்தபோது தவறுதலாகக் காதுப்பகுதி உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால், காதெலும்பின் உட்சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் உரிய அடையாளம். ஆனால் இந்த விலங்கோ பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, மெலிந்த கால், குளம்பு, பார்க்கச் சருகுமான் சாயல். கால் எலும்புகளும் நீரில் மூழ்கி நடக்கும் விலங்குகளுக்கு இருப்பது மாதிரி கெட்டியாக இருந்தன. 2007-ல் இது வெளியானது. கரையில் மேய்ந்து, ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் பதுங்கிய இப்படிப்பட்ட குளம்பு விலங்குகளின் உறவுக் கூட்டத்திலிருந்துதான் திமிங்கிலக் கிளை பிரிந்தது. இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை.

மோதல் முடிந்ததும் வடக்கே பாதை திறந்தது. ஆசியாவிலிருந்து விலங்குகள் இறங்கி வந்தன. யானை, புலி, மான், சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் வரையாடு, எல்லாவற்றின் முன்னோர்களும் அப்படி வந்து சேர்ந்தவைதான். காட்டுக்குப் போனால் நாம் தேடிப் பார்க்கிற பெரிய விலங்குகள் எல்லாம் புதியவை. இந்த நிலத்தோடு கூடவே வந்த பழையவை காலடி மண்ணுக்குள் இருக்கின்றன.

அப்புறம் மழை. இமயமும் திபெத் பீடபூமியும் உயர்ந்தது பருவமழையை வலுப்படுத்தியது. தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த மலையின் மேற்குச் சரிவு செங்குத்தாக இருப்பதற்கும் பழைய பிளவுதான் காரணம்: மடகாஸ்கரும் செஷல்ஸும் கழன்றுபோன ஓரம் அது.

அந்த மலையும் ஒரே சுவரல்ல. பாலக்காட்டுக் கணவாய் 30 கி.மீ.க்கு மேல் அகலமான ஓர் உடைப்பு. நாம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தாண்டிவிடுவோம். குளிர்ந்த சோலைக்காட்டில் மட்டுமே வாழத் தெரிந்த ஒரு சின்னப் பறவைக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடல் மாதிரி. நீலகிரிச் சோலைகளில் ஒரு நீலப் பறவை இருக்கிறது. கணவாய்க்குத் தெற்கே கொடைக்கானல், மூணாறு பக்கம் அதன் சகோதர இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே மூன்றாவது ஒன்று. இந்தப் பறவைகளின் பேரினத்துக்கு 2017-ல் வைத்த அறிவியல் பெயர் சோலிகோலா. சோலையில் வசிப்பது என்று பொருள். முதல் பாதி நம் தமிழ்ச் சொல்.

இலங்கையிலும் இதையே பார்க்கலாம். பனியுகத்தில், 20,000 ஆண்டுக்கு முன்பு, கடல் மட்டம் 120 மீட்டர் வரை கீழே இருந்தது. பாக் நீரிணை தரையாகக் கிடந்தது, நடந்தே போகலாம். ஆனாலும் இரு பக்கத்து ஈரக்காட்டுத் தவளைகளும் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளும் பெரும்பாலும் கலக்கவில்லை. நடுவே இருந்த வறண்ட சமவெளி அவற்றை விடவில்லை. பிரிக்கக் கடல்தான் வேண்டும் என்பதில்லை, வறட்சியே போதும்.

பாதாளத் தவளைக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அது தமிழ்நாட்டிலும் உண்டு. 2017-ல் திருவில்லிபுத்தூர் பக்கம், மலையின் கிழக்குச் சரிவில், இரண்டாவது இனம் ஒன்றை அறிவித்தார்கள். கோயம்புத்தூரில் பணியாற்றி, 2014-ல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது தென்மேற்குப் பருவமழையில் மேலே வந்து இணைகிறது. இந்தப் பக்கம் இருப்பது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒரு மலை முகடுதான் இடைவெளி; ஆனால் ஒன்று மேலே வரும் மாதத்தில் மற்றது மண்ணுக்கடியில் இருக்கிறது. சந்திக்கவே முடியாது. நிலத்தட்டு மோதி, மலை எழுந்து, காற்று திரும்பி, மழை இரண்டாகப் பிரிந்ததன் விளைவு, இந்த இரண்டு தவளைகளின் திருமண மாதத்தில் வந்து நிற்கிறது.

மழை பிடித்த பிறகு அந்த மலையோடைகளுக்குப் போனால் பாறையைக் கூர்ந்து பாருங்கள். தண்ணீர் வேகமாக அடித்துக்கொண்டு ஓடும் இடத்தில், கறுப்பாகச் சின்னச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருப்பவை பாதாளத் தவளையின் தலைப்பிரட்டைகளாக இருக்கலாம். அவற்றின் வாய் உறிஞ்சி ஒட்டும் கிண்ணம் மாதிரி இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் வெள்ளத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டி அந்த ஓட்டத்தை நிறுத்தினால் அவற்றுக்கு வாழ இடமில்லை. கையால் பிடுங்கிவிடாதீர்கள். கால் வைக்கும் பாறையைப் பார்த்து வையுங்கள்.